யாருடைய முத்திரை? சீன ஊழியரை முகமை வழியாக அமர்த்துவதா, நேரடியாக அமர்த்துவதா?

சீனாவில் எந்த ஆவணமும் நிறுவனத்தின் சிவப்பு முத்திரை விழுந்த பிறகுதான் மக்களின் நம்பிக்கையைப் பெறுகிறது. வேலை ஒப்பந்தமும் அப்படித்தான். பெய்ஜிங்கில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் ஆண்டுக்கணக்காக வேலை செய்பவரின் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால், அவரைத் தன் பெயரில் அமர்த்தி அந்த நிறுவனத்துக்கு அனுப்பிய, அவர் ஓரிரு முறை மட்டுமே போய்வந்த ஏதோ ஒரு முகமையின் முத்திரை அதில் இருக்கக்கூடும். சீனாவுக்குள் தொழில் தொடங்கும் வெளிநாட்டு நிறுவனம் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அந்த இடத்தில் யாருடைய முத்திரை விழ வேண்டும் என்பதையே.

முகமை முறைக்கு ஒரு வரலாறு உண்டு. சீனா தன் கதவுகளை வெளிநாட்டு முதலீட்டுக்குத் திறந்த 1979-ஆம் ஆண்டிலேயே, அங்கு வரும் அயல்நாட்டு நிறுவனங்களுக்குச் சீன ஊழியர்களை அமர்த்தித் தருவதற்காக ஃபெஸ்கோ என்ற அரசு முகமை பெய்ஜிங்கில் தொடங்கப்பட்டது. ஒவ்வொருவரின் கல்வியையும் பணி வரலாற்றையும் தொகுத்து அரசு பேணிவரும் தனிக்கோப்பை வெளிநாட்டு நிறுவனம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லாததால், அதைப் பாதுகாக்கவும் இத்தகைய இடைநிலை அமைப்பு தேவைப்பட்டது. சீனாவில் தனி நிறுவனமாகப் பதிவு செய்யாமல், தாய் நிறுவனத்தின் தொடர்பு வேலைகளைப் பார்க்கும் பிரதிநிதி அலுவலகம் மட்டும் வைத்திருக்கும் நிறுவனம் சீனக் குடிமக்களை நேரடியாக வேலைக்கு எடுக்க இன்றும் வழியில்லை. சீனாவிலேயே தனி நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குத்தான் இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன.

முகமையின் வசதிகளைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஓய்வூதியம், மருத்துவம், வேலையின்மை, பணிவிபத்து ஆகிய காப்பீடுகளையும் வீட்டுவசதி நிதியையும் அந்தந்த நகரத்தின் விகிதப்படி மாதந்தோறும் கட்டும் வேலையை அது பார்த்துக்கொள்கிறது. ஆறு நகரங்களில் ஆறு விற்பனையாளர்களை வைத்திருக்கும் சிறிய நிறுவனத்துக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் பதிவு பெற்ற நிறுவனத்துக்கு இதில் எல்லைகள் உண்டு. 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஆறு மாதத்துக்கு மேற்படாத தற்காலிகப் பணிகள், துணைப் பணிகள், விடுப்பில் இருப்பவருக்கு மாற்றாகச் செய்யும் பணிகள் ஆகியவற்றுக்கு மட்டுமே முகமை ஊழியர்களை வைத்துக்கொள்ளலாம். 2014 மார்ச்சில் வந்த விதிகள் அவர்களின் எண்ணிக்கையை மொத்த ஊழியர்களில் 10 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தின. பிரதிநிதி அலுவலகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை.

சட்டத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த ஊழியரின் மனநிலை. முகமை வழி வந்தவரை நிறுவனம் வேண்டாம் என்று முடிவு செய்தால், அதற்குச் சீன விதிகள் வைத்திருக்கும் பெயர் 'துய்ஹுய்', அதாவது திருப்பி அனுப்புதல். தபாலில் வந்த பொதியைத் திருப்பி அனுப்புவதற்கும் இதே சொல்தான். அப்படித் திரும்பியவருக்கு முகமை வேறு வேலை தரும்வரை, உள்ளூர்க் குறைந்தபட்சக் கூலிதான் கைக்கு வரும். பக்கத்து மேசைக்காரர் நிறுவனத்தின் ஆளாகவும் தான் அனுப்பப்பட்ட ஆளாகவும் இருப்பதை அவர் ஒவ்வொரு நாளும் உணர்கிறார். சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் சொன்னாலும் இந்த வேறுபாடு ஊதியத்தால் மட்டும் மறைவதில்லை. வசந்த விழா எனப்படும் சீனப் புத்தாண்டுக்கு முன் ஆண்டு ஊக்கத்தொகையை வாங்கிக்கொண்டு, 'பொன் மார்ச், வெள்ளி ஏப்ரல்' என்று அவர்கள் அழைக்கும் வேலைமாற்றப் பருவத்தில் முதலில் வெளியேறுபவர் இவராக இருந்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

நேரடி நியமனத்தைக் கண்டு நிறுவனங்கள் அஞ்சுவதற்கு 2008 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தொழிலாளர் ஒப்பந்தச் சட்டம் காரணம். நம் ஊரில் ஒப்பந்தத் தொழிலாளி என்றால் நிரந்தரம் இல்லாதவர் என்று பொருள். சீனாவில் ஒப்பந்தமே ஊழியரின் கேடயம். வேலையில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் எழுத்து ஒப்பந்தம் செய்யாவிட்டால் அதற்குப் பின் இரட்டை ஊதியம் தர வேண்டும். ஓராண்டு கடந்தும் செய்யாவிட்டால் காலவரையற்ற ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டதாகவே கொள்ளப்படும். தகுதிகாண் காலம் எவ்வளவு நீண்டாலும் ஆறு மாதம்தான், அதுவும் மூன்றாண்டோ அதற்கு மேலோ நீளும் ஒப்பந்தங்களுக்கு மட்டுமே. ஊழியரின் ஒழுங்குமீறல் அல்லாத, சட்டம் ஏற்கும் காரணம் காட்டி நீக்கினால் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாத ஊதியம் இழப்பீடு. சட்டத்துக்குப் புறம்பாக நீக்கினால் அதன் இருமடங்கு.

கேட்கும்போது கடுமையாகத் தோன்றினாலும், இவை யாவும் முன்கூட்டியே கணக்கிடக்கூடிய செலவுகள். உண்மையில் நிறுவனங்களைச் சிக்கவைப்பது பணிவிதிக் கையேடு. கடுமையான ஒழுங்குமீறலுக்காக ஒருவரை இழப்பீடின்றி நீக்கலாம். ஆனால் எது கடுமையான மீறல் என்பதை விளக்கும் விதிகளை ஊழியர்களுடனோ அவர்களின் பிரதிநிதிகளுடனோ கலந்துபேசி வகுத்திருக்க வேண்டும், வகுத்த பின் எல்லாருக்கும் தெரிவித்திருக்க வேண்டும். தலைமையகத்தின் கையேட்டை அப்படியே மொழிபெயர்த்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, பின்னர் ஒருவரை நீக்கிய நிறுவனம் நடுவர் மன்றத்தில் நிற்க வலுவில்லாமல் போகிறது. அந்தக் கலந்துபேசலுக்குச் செலவிடும் சில நாட்கள், என் பார்வையில், உள்ளூர் ஊழியர்களை அறிந்துகொள்ள மேலாளருக்குக் கிடைக்கும் சிறந்த வாய்ப்பும்கூட.

மூன்றாவதாக, வேலையையே வெளியாருக்குக் குத்தகை விடும் வழி ஒன்று சொல்லப்படுகிறது. உண்மையாகவே பணியைப் பிரித்துக் கொடுத்தால் அது சரி. ஆளை மட்டும் வாங்கி நாமே மேற்பார்வையிட்டால், பெயர் எதுவானாலும் முகமை விதிகளே பொருந்தும் என்று 2014-இன் விதிகள் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன.

சந்தையை ஆராய, பிரதிநிதி அலுவலகத்தில் இரண்டு மூன்று பேரை வைத்துப் பார்க்கும் நிறுவனத்துக்கு முகமையே ஏற்றது. வாடிக்கையாளரையோ தொழில்நுட்பத்தையோ கையாளும் ஒருவரை நெடுங்காலத்துக்கு வைத்துக்கொள்ள எண்ணினால், நிறுவனத்தைப் பதிவு செய்து சொந்த முத்திரையிட்டு அமர்த்துவதையே நான் பரிந்துரைப்பேன். முகமையிலிருந்து அவரைத் தம் பெயருக்கு மாற்றும்போது, முன்பு செய்த ஆண்டுகளுக்கான இழப்பீட்டை அப்போதே தீர்த்துவிட வேண்டும், அல்லது அந்த ஆண்டுகளும் பணிக்காலத்தில் சேரும் என்று புதிய ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுத்துவிட வேண்டும்.