பாப்பாவின் முதல் பல் டாக்டர்: தெருமுனையா, ஸ்பெஷலிஸ்டா, காலேஜா?

மூத்தவனை இரண்டரை வயதில்தான் முதன்முதலாகப் பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம், சின்னவளைப் பதினோராம் மாதத்திலேயே. ஒரு தடவை அடிபட்டு, அடுத்த தடவை தப்பித்தவள் என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது சென்னையில். உங்கள் ஊரில் இத்தனை வழிகள் இல்லாமலும் இருக்கலாம்.

முதலில், எல்லாருக்கும் பிடித்த வழி: இப்போதைக்கு எங்கேயும் போகாமல் இருப்பது. "எப்படியும் விழப்போற பல்லுதானே" என்றார் என் மாமியார், நானும் தலையாட்டினேன். விழும்தான், ஆனால் எப்போது? முன்பற்கள் ஆறேழு வயதில் விழ ஆரம்பிக்கும், கடைவாய்ப் பால்பற்களோ 10, 12 வயது வரை இருந்து சாப்பாட்டை மெல்ல வேண்டியவை. முதல் பல் எட்டிப் பார்த்ததும், தள்ளிப்போனாலும் முதல் பிறந்தநாளுக்குள், ஒரு தடவை காட்டிவிடுங்கள் என்பதுதான் குழந்தைப் பல் மருத்துவர்களின் கணக்கு. எங்கள் பையனுக்கு ராத்திரி பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிற பழக்கம். மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தீற்றியது போல ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தது, பால் படிந்திருக்கிறது என்று துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். சொத்தையின் முதல் அடையாளமே அதுதான், அந்தக் கட்டத்தில் பிடித்தால் நிறுத்திவிடலாம் என்பது கோடு பழுப்பாகிக் குழி விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கீழ் முன்பற்களை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும், அடி வாங்குவதெல்லாம் மேல்வரிசைதான். கடைசியில் சொத்தையை நிறுத்த வெள்ளி கலந்த ஃப்ளூரைடு மருந்து தடவினார்கள். வலி இல்லை, டிரில் இல்லை, ஆனால் சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும், அவனுடைய மூன்றாவது பிறந்தநாள் போட்டோ முழுக்க கறுத்த சிரிப்பு.

குழந்தைகள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாமே என்றால், பாதி சரி. ஒன்பதாம் மாத ஊசிக்குப் போகும்போது மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். செலவில்லாத காரியம், ஆனால் நீங்களாகக் கேட்டால்தான் நடக்கும்.

தெருமுனை கிளினிக்தான் பக்கம், ஃபீஸும் குறைவு, அவசரத்துக்கு ஓடலாம். பிடிஎஸ் (பல் மருத்துவப் பட்டம்) படித்தவருக்குக் குழந்தைப் பல் தெரியாது என்று நான் சொல்லவே மாட்டேன். சிக்கல் பழக்கத்தில் இருக்கிறது. பையனை நாங்கள் முதலில் கொண்டுபோன இடத்தில் பெரியவர்கள் நாற்காலியில் தனியாகச் சாய்த்து, முகத்துக்கு நேரே லைட்டைப் போட்டார்கள், அவன் அலறிய அலறலில் வெளியே காத்திருந்த தாத்தா ஒருவர் எழுந்தே போய்விட்டார். ஒரு வருஷத்துக்கு வெள்ளைக் கோட் போட்டவரைக் கண்டாலே அழுகைதான். அதனால் போவதற்கு முன்பு போன் போட்டு, "ஒரு வயசுக் குழந்தை, மடியில வெச்சே பார்ப்பீங்களா?" என்று கேளுங்கள். "மூணு வயசு ஆகட்டும், கூட்டிட்டு வாங்க" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

குழந்தைப் பல் ஸ்பெஷலிஸ்ட் என்பவர் பிடிஎஸ்ஸுக்கு மேல் மூன்று வருஷம் எம்டிஎஸ் படித்தவர். அந்தப் படிப்பின் அருமை எனக்கு அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. நாற்காலி பக்கமே போகவில்லை. நானும் அவரும் எதிரெதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்தோம், சின்னவள் என்னைப் பார்த்தபடி என் இடுப்பில் கால் போட்டிருக்க, மெல்லச் சாய்த்துத் தலையை அவர் மடியில் வைத்தோம். நாலே பல், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் அவர் விரலை ஒரு கடி கடித்தாள். மிச்ச நேரமெல்லாம் எனக்குத்தான் பாடம்: ஃப்ளூரைடு பேஸ்ட் அரிசி மணி அளவு போதும், மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவு, ராத்திரி பல் தேய்த்தபின் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. குறை? ஃபீஸ் அதிகம், அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும். பொம்மையும் டிவியும் வைத்த கிளினிக் எல்லாம் ஸ்பெஷலிஸ்ட் கிளினிக் ஆகிவிடாது, போர்டில் எம்டிஎஸ் இருக்கிறதா, அது எந்தத் துறையில் என்று பாருங்கள். வார்னிஷ், அதாவது பல்லில் பூசுகிற ஃப்ளூரைடு மருந்து, தடவலாம் என்றால் எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆட்கள் என்றால் வீட்டில் போர் தண்ணீரா, ஒகேனக்கல் தண்ணீரா என்பதையும் சொல்லிவிடுங்கள், அங்கே நிலத்தடி நீரில் ஏற்கெனவே ஃப்ளூரைடு அதிகம்.

பல் மருத்துவக் கல்லூரிகளைப் பலர் மறந்தே போகிறார்கள். சென்னையில் 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தனியார் கல்லூரிகளும் நிறைய. குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே உண்டு, செலவும் குறைவு. பொதுவாகக் கல்லூரி ஓ.பி. என்றால் அரை நாளை ஒதுக்கிவிட்டுத்தான் போக வேண்டும், முதலில் மாணவர் பார்ப்பார், பிறகு பெரிய டாக்டர், ஆக ஒரே வாயை இரண்டு தடவை திறக்க வேண்டும். சும்மா காட்டிவிட்டு வர இது கொஞ்சம் அதிகம்தான். சொத்தை தெரிந்துவிட்டது, நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும், கையில் காசு இல்லை என்றால் யோசிக்காமல் இங்கேதான் போவேன்.

மற்றபடி முதல் தடவைக்கு என் ஓட்டு ஸ்பெஷலிஸ்டுக்கு, அது முடியாவிட்டால் மடியில் வைத்துப் பார்க்கச் சம்மதிக்கிற தெருமுனை டாக்டருக்கு. எங்கே போனாலும் தூங்கி எழுந்த வேளையாகப் பார்த்துக் காலையில் போங்கள், வயிறு முட்டப் பால் கொடுத்த கையோடு சாய்த்தால் டாக்டர் மேலேயே கக்கிவிடும். பாட்டிலையும், அடிக்கடி கொடுக்கிற சிரப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அந்தச் சிரப்பில் சர்க்கரை இருக்கிறதா என்று அவர் கேட்பார்.