எச்61னு சொல்லி க்யூ65 போர்டை தலையில கட்டிட்டாங்க, 1155 ப்ராசஸர் வச்சிருக்கவங்க உஷார்

பழைய மூணாவது ஜெனரேஷன் ப்ராசஸரை வச்சுக்கிட்டு மதர்போர்டு தேடி அலையுறவங்க இதைப் படிச்சுட்டு கடைக்கு போங்க. எச்61, க்யூ65ங்கிறது போர்டுல இருக்கற மெயின் சிப், அதாவது சிப்செட்டோட பேரு, 1155ங்கிறது இன்டெல் ப்ராசஸர் உக்காருற சாக்கெட்டோட நம்பர். எனக்கு கடைசியில போனது 1,100 ரூபாயும் மூணு தடவை அலைஞ்ச அலைச்சலும்தான். ஆனா கொஞ்சம் அசந்திருந்தா நல்லா இருந்த ப்ராசஸரையும் சேத்து தாரை வாத்துட்டு வந்திருப்பேன்.

செங்கல்பட்டுல சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். கடையில ஓடுறது 2013ல வாங்குன சிஸ்டம், ஐ5-3470 ப்ராசஸர், டிடிஆர்3 ரேம் 8 ஜிபி, நடுவுல ஒரு எஸ்எஸ்டி மாத்துனேன் அவ்ளோதான். பான் அப்ளிகேஷன், பத்திரம் டைப்பிங், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அதுலதான். மழை சீசன்ல ஒருநாள் கரண்ட் போறதும் வர்றதுமா இருந்துச்சு, மறுநாள் காலையில சுவிட்ச் போட்டா ஃபேன் ஒரு சுத்து சுத்தி நின்னுடுது. கழட்டிப் பாத்தா ப்ராசஸர் பக்கத்துல ரெண்டு கெப்பாசிட்டர் தலை உப்பி நிக்குது, போர்டு போச்சு. புதுசா வாங்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட் முடிஞ்சுது, 11க்கு எட்டாவது ஜெனரேஷனாவது இருக்கணும்ங்கிறாங்க, எல்லாம் தெரியும். ஆனா புதுசுன்னா போர்டு, ப்ராசஸர், ரேம் மூணுமே மாத்தணும், 2 ரூபா ஜெராக்ஸ்ல அந்தக் காசை நான் எப்ப எடுக்குறது.

சரின்னு ஒரு செவ்வாய்க்கிழமை கடையை தம்பிகிட்ட விட்டுட்டு ட்ரெயின் ஏறி எக்மோர்ல இறங்கி, சென்னையில கம்ப்யூட்டர் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் கடையிலயே ஒருத்தர் எச்81 போர்டை எடுத்து வச்சு "ஐ5 தானேண்ணே, எல்லா ஐ5க்கும் சேரும்"னாரு. அது 1150 சாக்கெட், நாலாவது ஜெனரேஷனுக்கு, என்னோடது 1155. ஐ5ங்கிற பேரு பத்து வருஷத்துக்கு மேல ஓடுன பேரு, அதை வச்சு போர்டு வாங்கக்கூடாதுன்னு அந்த அளவுக்கு எனக்கே தெரியும், 3470ல முதல்ல வர்ற 3தான் ஜெனரேஷன். அதனால நம்மள யாரும் ஏமாத்த முடியாதுன்னு ஒரு மிதப்புல அடுத்த கடைக்கு போனேன் பாருங்க, அங்கதான் மாட்டுனேன்.

அந்தக் கடைக்காரர் சாக்கெட் 1155தான் காட்டுனாரு, எச்61, 2,600 ரூபா, மூணு மாசம் வாரண்டின்னாரு. போர்டு பளிச்சுனு கழுவுன மாதிரி இருந்துச்சு, பேரு பிரிண்ட் ஆகியிருக்கற இடத்துல எச்61னு பேனாவுல எழுதுன வெள்ளை ஸ்டிக்கர். அவங்க ப்ராசஸர் ஒண்ணு ஏற்கனவே அதுல மாட்டியிருந்துச்சு, சுவிட்ச் போட்டு டிஸ்ப்ளே காமிச்சாங்க. நான் என் ப்ராசஸரை டப்பாவுல போட்டு பையிலயே எடுத்துட்டு போயிருந்தேன், இதைப் போட்டு காட்டுங்கன்னு கேட்டேன். "எதுக்குண்ணே, பேஸ்ட் தடவணும், ஃபேன் கழட்டணும், அதே சாக்கெட்தானே, ஓடாம எங்க போகும்"னாரு. கூட்டம் வேற. சரின்னு விட்டேன் பாருங்க, மொத்தத்துக்கும் காரணம் அந்த "சரி"தான். பில் கேட்டதுக்கு ஜிஎஸ்டி 18 பர்சன்ட் தனியா ஆகும்ணேன்னாரு, அப்ப பில்லே வேணாம்னுட்டேன். ஜிபே பண்ணிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டுனா ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல. ரேமை மாத்தி மாத்தி போட்டு, பேட்டரி கழட்டி மாட்டி, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் பாத்தேன், ஒண்ணும் நடக்கல.

மறுநாள் திரும்பவும் ட்ரெயின். கடையில அவங்க ப்ராசஸரைப் போட்டாங்க, டிஸ்ப்ளே வருது. என்னோடதைப் போட்டாங்க, வரல. "பாத்தீங்களாண்ணே, போர்டு ஓடுது, உங்க ப்ராசஸர்தான் செத்துடுச்சு, போர்டு போகும்போது அதையும் சேத்து அடிச்சிட்டு போயிருக்கும்." கண்ணு முன்னாடி நடக்குது, என்னன்னு மறுத்துப் பேசுறது. அப்புறம் ரொம்ப பாசமா, "அதைக் குடுத்துட்டு 900 ரூபா போட்டு இந்த ஐ3-2100 எடுத்துக்கோங்க, உங்களதுக்கு 300 கழிச்சுக்கறேன்"னாரு. போனை எடுத்து ஸ்கேன் பண்ணவே போயிட்டேன். அப்பதான் உறைச்சுது, செத்த ப்ராசஸருக்கு இவன் எதுக்குய்யா 300 ரூபா தர்றான்? யோசிச்சுட்டு வரேன்னு ரெண்டையும் எடுத்துக்கிட்டு கிளம்பிட்டேன்.

எங்க ஊர்ல ஒரு சர்வீஸ் அண்ணன் இருக்காரு, முதல்லயே அவர்கிட்ட போயிருக்கணும், ரேட் ஜாஸ்தி சொல்வாருன்னு போகல. அவர் என் ப்ராசஸரை வாங்கி அவர்கிட்ட இருந்த ஒரு பி75 (பாம்பே பி) போர்டுல போட்டாரு, பத்து செகண்ட்ல டிஸ்ப்ளே வந்துடுச்சு. உசுரே வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் நான் வாங்குன போர்டுல அவரோட பழைய ரெண்டாவது ஜெனரேஷன் ஐ3யைப் போட்டு விண்டோஸ்ல சிபியு-இசட்னு, உள்ள என்ன சிப் இருக்குன்னு காட்டுற சாஃப்ட்வேரை ஓட்டிக் காட்டுனாரு. மெயின்போர்டு டேப்ல சிப்செட் க்யூ65னு வருது. வெள்ளை ஸ்டிக்கரை நகத்தால சுரண்டுனா கீழ வேற மாடல் நம்பர். அதை போர்டு கம்பெனி சைட்ல போட்டுப் பாத்தோம், ப்ராசஸர் லிஸ்ட் ரெண்டாவது ஜெனரேஷனோட முடியுது.

விஷயம் இதுதான். 1155 சாக்கெட்ல 2011ல வந்த ரெண்டாவது ஜெனரேஷனும் உக்காரும், 2012ல வந்த மூணாவதும் உக்காரும், ஆனா உக்காருறது வேற ஓடுறது வேற. எச்61, எச்67, இசட்68 போர்டு எல்லாம் ரெண்டாவது ஜெனரேஷன் காலத்துல வந்தது, அதுல மூணாவது ஓடணும்னா பயாஸ், அதாவது போர்டுக்குள்ளயே இருக்கற ஸ்டார்ட் பண்ற சாஃப்ட்வேர், அப்டேட் ஆகியிருக்கணும். அப்டேட் பண்றதுக்கே ஒரு ரெண்டாவது ஜெனரேஷன் ப்ராசஸர் வேணும்ங்கிறது தனிக் கூத்து. ஆனா பி65, க்யூ65, க்யூ67 மூணும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குன்னு வந்த சிப்செட், அதுக்கு இன்டெல் மூணாவது ஜெனரேஷன் சப்போர்ட்டே குடுக்கல. பி75, எச்77, இசட்77ன்னு நம்பர் ஏழுல ஆரம்பிக்கறது எதுவா இருந்தாலும் ரெண்டு ஜெனரேஷனும் நேரா ஓடும். ஆபீஸ்கள்ல மொத்தமா கழிச்சுக் கட்டுன கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டுன போர்டைத்தான் கழுவி ஸ்டிக்கர் ஒட்டி எச்61னு விக்கிறாங்க. அவங்க ப்ராசஸர்ல டெஸ்ட் பண்ணிக் காட்டுனா டிஸ்ப்ளே வரத்தானே செய்யும், அது ரெண்டாவது ஜெனரேஷன். நம்மளோடதைப் போட்டா வராது, உடனே பழி நம்ம ப்ராசஸர் மேல. கடைக்காரருக்கே இது தெரியாம இருந்திருக்கலாமேன்னு தம்பி கேட்டான். ஸ்டிக்கர் ஒட்டத் தெரிஞ்சவருக்கு இது தெரியாதாக்கும்.

வீட்டுல என் ப்ராசஸரை மாட்டுறதுக்கு முன்னாடியே சாக்கெட்ல பின்னு எல்லாம் நேரா இருக்கறதை நான் போன்ல கிட்ட வச்சு போட்டோ எடுத்திருந்தேன், நான் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் அது. இந்த சாக்கெட்ல பின்னு ப்ராசஸர்ல இல்ல, போர்டுலதான் இருக்கு, ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு. மூணாவது தடவை போனப்ப எதிர்பாத்த மாதிரியே "நீங்க பின்னை வளைச்சிருக்கீங்க"ன்னுதான் ஆரம்பிச்சாங்க, போட்டோவைக் காட்டுனதும் அந்தப் பேச்சு நின்னுச்சு. அடுத்து, பில் இல்லாம ரிட்டன் எடுக்க மாட்டோம்னாங்க. பில் தராம இருக்கறதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையில்லாத வியாபாரம், பழுதான சாமானை 30 நாளுக்குள்ள திரும்ப எடுக்க மறுக்கறதும் அப்படித்தான், ஜிபே ரசீது இருக்கு, நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடவான்னு கேட்டேன். சட்டம் எல்லாம் முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணிட்டு போனதுதான், குரல் நடுங்குச்சு. ஒருமணி நேரம் நிக்க வச்சு 1,500 ரூபா திருப்பிக் குடுத்தாங்க. மீதிக்கும் சண்டை போட்டிருக்கலாம், கடையை மூணாவது நாளா தம்பி பாக்குறான், முடியல.

இப்ப அந்த சர்வீஸ் அண்ணன்கிட்டயே 3,200 குடுத்து பி75 போர்டு வாங்கிட்டேன், என் ப்ராசஸர், என் ரேம் போட்டு அரைமணி நேரம் ஓடவிட்டு, பில்லோட. கடைப் பேரை இங்க போட மாட்டேன், கேக்காதீங்க.

காசை வாங்கிட்டு படியிறங்கும்போது திரும்பிப் பாத்தேன். கடைப் பையன் அந்த போர்டைத் துணியால ஒரு தொடை தொடைச்சு, நான் சுரண்டுன இடத்துல புதுசா ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டிக்கிட்டு இருந்தான்.