முப்பத்தைந்து டாலர், ஒரு குடை, பதினைந்து தப்படி

மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தின் உள்ளே அழைத்துப்போய்க் காட்டுகிற பெரிய சுற்றுலாவைப் பற்றி இங்கே நான் எழுதவில்லை. மைதானத்துக்கு வெளியே, சிலைகளுக்கு நடுவே, எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் தனி ஆளாக நடத்தும் நடையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஆளுக்கு 35 டாலர். என் பதினொரு வயது மகளுக்கும் அதே 35 டாலர்தான். சிறுவர் கட்டணம் உண்டா என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து அவருக்குக் காது கேட்கவில்லை.

ரிச்மண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம். ஜூலைக் குளிர், நசநசவென்று தூறல். எங்களோடு சேர்த்து ஏழு பேர். முதல் முக்கால் மணி நேரம் வீண். பிராட்மன், கீத் மில்லர், ஷேன் வார்ன் என்று ஒவ்வொரு சிலையின் முன்னும் நின்று அவர் சொன்னவை, கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எந்தத் தமிழரும் தூக்கத்திலேயே ஒப்பிக்கக்கூடியவை. ஒலிவாங்கி கிடையாது. காற்று அவர் பக்கமிருந்து வீசினால் பேச்சு கேட்கும், இல்லாவிட்டால் வாயசைவு மட்டும்தான். கழிவறைக்கென்று எங்கும் நிற்பதும் இல்லை. மகள் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, ஆடுகிறாள் என்பதற்காகத்தான் நான் போனதே. உயரமான பிள்ளை என்பதால் ரக்கில் நிறுத்தியிருக்கிறார்கள்; நடுவர் பந்தை மேலே எறிந்ததும் எம்பித் தன் ஆட்களிடம் தட்டிவிடுகிற வேலை. கிரிக்கெட் கதை கேட்டு அவள் கொட்டாவி விட ஆரம்பித்திருந்தாள்.

ஜிம் ஸ்டைன்ஸ் சிலைக்கு வந்ததும் பெரியவருக்குக் குரல் வந்துவிட்டது.

ஸ்டைன்ஸும் ரக் ஆட்டக்காரர். டப்ளினில் பிறந்து, உருண்டைப் பந்தில் ஆடும் கேலிக் கால்பந்தில் வளர்ந்தவர். அயர்லாந்து இளைஞர்களைக் கொண்டுவந்து இந்த ஊர் ஆட்டத்தில் பழக்கிப் பார்க்கலாமே என்று மெல்பர்ன் கிளப்புக்குத் தோன்ற, 1984இல், பதினெட்டு வயதில் விமானம் ஏறினார். ஓடச் சளைக்காத கால்கள். இரண்டு முனையும் கூம்பிய இந்தப் பந்துதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பிரஹ்ரான் என்ற சின்னக் கிளப்புக்கு அனுப்பி ஆடவைத்தார்கள். 1987இல்தான் முதல் அணியில் இடம். 1964க்குப் பிறகு மெல்பர்ன் இறுதிச் சுற்றுகளை எட்டிப் பார்த்ததும் அந்த ஆண்டுதான். ஹாத்தார்ன் கிளப்பை வென்றால் கோப்பைக்கான கிராண்ட் ஃபைனல்.

இந்த இடத்தில் பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு, ஈரத் தரையில் குடை நுனியால் ஒரு கோடு இழுத்தார். தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி மகள் கையில் கொடுத்தார். அதுதான் பந்து, அவள்தான் ஹாத்தார்னின் கேரி பக்கனாரா. எங்கள் கூட்டத்திலிருந்த நியூசிலாந்துக்காரர் ஒருவரை, அவளுக்கு எதிரே மெல்பர்ன் ஆளாக, கோட்டின் மேல் நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, இவர்கள் இருவருக்கும் நடுவே குறுக்காக ஓடுங்கள் என்றார். கைப்பையை இடுக்கிக்கொண்டு ஓடினேன். விசில் வைத்திருக்கிறார் மனிதர்! உரக்க ஊதிவிட்டு, மகளின் தோளைத் தொட்டு, நீளமாகப் பதினைந்து தப்படி முன்னே கூட்டிப்போனார். அவள் சிலையைத் தாண்டிப் போய்த் தூறலுக்குள் தொப்பியோடு நின்றாள்.

நடந்தது அதேதான். மெல்பர்ன் நான்கு புள்ளி முன்னால் இருக்கிறது. பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக். சைரன் ஒலித்து நேரமும் முடிந்துவிட்டது; அந்த ஓர் உதைதான் பாக்கி. கோலுக்கு ஐம்பது மீட்டருக்கும் மேல் தொலைவு. உதைக்கப்போகிறவருக்கும் கோட்டில் நிற்கும் எதிரணி ஆளுக்கும் நடுவே ஓடக் கூடாது. தன் எதிராளியைத் துரத்திக்கொண்டு ஸ்டைன்ஸ் அப்படிக் குறுக்கே ஓட, தண்டனையாக நடுவர் பக்கனாராவை 15 மீட்டர் முன்னே வரச் சொன்னார். பக்கனாரா கோல் அடித்தார். கோலுக்கு ஆறு புள்ளி. 80க்கு 78 என்று ஹாத்தார்னுக்கு வெற்றி. மகளின் பயிற்சியாளர் இந்த விதியை எனக்கு மூன்று தடவை விளக்கியிருக்கிறார். கைப்பையோடு ஓடிய பிறகுதான் மண்டையில் ஏறியது.

அதன்பின் வந்த ஏற்றத்தைப் பெரியவர் அவசரமாகக் கடந்துவிட்டார் என்பது என் குறை. 1991இல் பிரவுன்லோ பதக்கம், அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கு நடுவர்கள் வாக்களித்துக் கொடுப்பது. வெளிநாட்டிலிருந்து ஆட அழைத்துவந்த ஒருவர் அதை வென்றது அதுவே முதல் தடவை. 1998 வரை ஒன்றையும் தவறவிடாமல் தொடர்ச்சியாக 244 ஆட்டங்கள், நெடுங்காலம் யாரும் நெருங்காத சாதனை. குறுக்கே ஓடிய அந்த ஆட்டமும் இந்த 244இல் சேர்த்தியா என்று மகள் கேட்டாள். சேர்த்திதான். இதையெல்லாம் கடகடவென்று ஒப்பித்தவர், 1988இல் கிராண்ட் ஃபைனலுக்கே போய் அதே ஹாத்தார்னிடம் 96 புள்ளியில் தோற்றதை மட்டும் ஆற அமரச் சொன்னார். மெல்பர்ன் ரசிகர்கள் தோல்வியைச் சப்புக்கொட்டிக்கொண்டு சொல்லப் பழகியவர்கள்.

மைதானத்துக்கு வெளியே ஸ்டைன்ஸ் செய்தவற்றுக்கு இரண்டே நிமிடம். 1994இல் இளைஞர்களுக்காக நண்பரோடு தொடங்கிய ரீச் அமைப்பு, 2008இல் கடனில் தத்தளித்த தன் பழைய கிளப்புக்குத் தலைவரானது, மறு ஆண்டே புற்றுநோய், 2012 மார்ச்சில் 45 வயதில் மரணம். கடைசி வரியைச் சொல்லும்போது பெரியவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் குடையை உதறிக்கொண்டிருந்தார். கட்டணத்தைப் பற்றிய என் முணுமுணுப்பு அங்கே கொஞ்சம் அடங்கியது.

ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினரைக் கூட்டிப்போகாதீர்கள். கால் வலிதான் மிச்சமாகும். பிள்ளை ஃபுட்டி ஆடுகிற வீடென்றால் தயங்காமல் போங்கள். ரொக்கம்தான் வாங்குவார். பாதியில் வந்து சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன், முடியாதாம். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அதில் மூன்று குடைக்கோட்டுக்கு.

1987 ஆட்டம் நடந்தது இந்த மைதானத்தில் அல்ல. மல்கிரேவில், வேவர்லி பூங்காவில். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஆறு நிமிடம். சுற்றிலும் வீடுகள் எழும்பிவிட்டன. பழைய பார்வையாளர் மாடத்தின் ஒரு பகுதியும் புல்வெளியும் மட்டும் இருக்கின்றன. மளிகைப் பைகளோடு எத்தனையோ தடவை அதைக் கடந்திருக்கிறேன். சென்ற ஞாயிறு காரை நிறுத்தி இறங்கினோம். பதினைந்து தப்படி எங்கிருந்து எங்கே என்று மகள் கேட்டாள். எந்தப் பக்கத்துக் கோல் என்று பெரியவரிடம் நான் கேட்டுவைக்கவில்லை. அதற்காக இன்னொரு 35 டாலர் கொடுப்பதாக இல்லை என்றேன். தன் உண்டியலில் இருக்கிறது என்கிறாள்.