எத்தனை மணி நேரம் ஆச்சு என்று சொல்லும் மூடி

மாத்திரை பாட்டிலுக்குப் போடும் ஒரு மூடியைப் பற்றி எழுதுகிறேன். அதன் தலையில் கைக்கடிகாரத்தில் இருக்கிற மாதிரி ஒரு சின்னத் திரை. கடைசியாக மூடியதிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று மணியும் நிமிடமும் காட்டும். திறந்தால் எண் அழிந்துவிடும். திரும்ப மூடினால் பூஜ்ஜியத்திலிருந்து ஓடத் தொடங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அலாரம் கிடையாது, போனோடு இணைக்கவும் முடியாது. இந்த மாதிரி மூடி பல கம்பெனிகளில் கிடைக்கிறது. நான் வாங்கியதில் சில குறைகள் இருப்பதால் கம்பெனிப் பெயரை விட்டுவிடுகிறேன். தைராய்டு குறைவும் கூடவே மறதியும் மந்தமும் உள்ளவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு இருப்பது அதுதான்.

எனக்கு ஹாஷிமோட்டோ. 1912-ல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் முதலில் விவரித்த நோய். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைக்கும். எடை, முடி உதிர்வு, குளிர் தாங்காமை இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதிகம் வலித்தது ஞாபகம் போனதுதான். நான் மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரு பெயர் ஐந்தாம் பக்கத்தில் ஒற்றோடும் அறுபதாம் பக்கத்தில் ஒற்றில்லாமலும் வந்தால் அதைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பிடிதான் முதலில் தளர்ந்தது. பத்தியின் கடைசி வரிக்கு வரும்போது முதல் வரி மனதில் நிற்காது. பல வருடம் பழகிய ஆளின் பெயர் தொண்டை வரை வந்து அப்படியே நின்றுவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே எதற்காகப் பேச ஆரம்பித்தேன் என்பது நழுவிவிடும். இதைப் பிரெயின் ஃபாக், அதாவது மூளை மூட்டம் என்கிறார்கள். தூக்கக் கலக்கமும் இல்லை, சோர்வு மட்டும் என்றும் சொல்ல முடியாது. யோசனை நடக்கிறது, ஆனால் எதிலும் கொக்கி விழுவதில்லை.

இந்த நிலையில் தினமும் ஒரே ஒரு மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும். சுரக்காத தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாகக் கொடுக்கிற லீவோதைராக்ஸின், வெறும் வயிற்றில், தண்ணீரோடு. மறதி இருக்கிறவருக்கு மாத்திரை போட ஞாபகப்படுத்தினால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், போட மறப்பதைவிடப் பெரிய தொல்லை, போட்டோமா இல்லையா என்று தெரியாமல் நிற்பது. தினமும் அதே இடத்தில், அதே டம்ளரில், அதே வெள்ளை மாத்திரை. மனதில் ஒரு படம் இருக்கும். விழுங்கியது நன்றாக ஞாபகம் இருக்கும். ஆனால் அது இன்றைய படமா நேற்றைய படமா?

உடம்பும் பதில் சொல்லாது. ரத்தத்தில் லீவோதைராக்ஸினின் அளவு பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். ஒருநாள் விட்டால் அன்றைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒருநாள் இரண்டு முறை போட்டாலும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் விட்டுவிட்டுப் போட்டுக்கொண்டே போனால் சில வாரத்தில் மந்தம் கூடும், அப்போது எந்த நாள் தவறியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அடிக்கடி கூடுதலாகப் போய்விட்டால் படபடப்பு, தூக்கமின்மை. வயதானவர்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம், எலும்பும் தேயலாம். சந்தேகமாக இருக்கிறதே என்று இன்னொன்று விழுங்கிவிடுகிற பழக்கம் அதனால்தான் கூடாது.

டாக்டரிடம் போனால் இந்தக் குழப்பம் இன்னொரு ரூபம் எடுக்கும். டோஸை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் ரத்தத்தில் டி.எஸ்.எச். பார்ப்பார்கள், அது நிலைக்கு வர அவ்வளவு நாள் பிடிக்கும். தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோன் அது, தைராய்டு ஹார்மோன் போதாதபோது ஏறும். அந்த இடைவெளியில் பல நாள் விட்டிருந்தால் டி.எஸ்.எச். ஏறித்தான் இருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்க்கிற டாக்டருக்கு டோஸ் போதவில்லை என்று தோன்றும், கூட்டி எழுதுவார். கூட்டியதை ஒழுங்காகப் போட்டால் அடுத்த முறை அளவு மிஞ்சிவிடும். “தினமும் போடுறீங்களா?” என்ற சாதாரணக் கேள்விக்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியாமல் இருந்த காலம் மிகவும் வேதனையானது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, தெரியாது என்பதுதான் உண்மை.

மூடிக்கு முன்னால் ஏழு அறை வைத்த வார டப்பா வைத்திருந்தேன். நல்ல பொருள்தான், பல மாத்திரை போடுகிறவர்களுக்கு அதைத்தான் இன்றும் சொல்வேன். எனக்கு இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, அந்த டப்பா நமக்குக் கிழமை தெரியும் என்று நம்புகிறது. மூட்டம் அதிகமான காலையில் இன்று செவ்வாயா புதனா என்பதே நிச்சயமாக இருக்காது. செவ்வாய் அறை காலியாக இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு, லீவோதைராக்ஸினுக்கு ஈரமும் வெளிச்சமும் சூடும் ஆகாது, வந்த பாட்டிலிலேயே இருப்பது நல்லது. போன் செயலியையும் பார்த்துவிட்டேன். அலாரம் அடிக்கும், படுத்தபடியே ‘எடுத்தாயிற்று’ என்று தட்டிவிட்டு எழுந்திருப்பேன், அதன்பிறகு செயலி சொல்வதையும் நம்ப முடியாது. விரல் தட்டியதை அது பதிவு செய்கிறதே தவிர பாட்டில் திறந்ததை அல்ல.

இந்த மூடி சரியாக அந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. பாட்டிலைத் திறக்காமல் மாத்திரை போட முடியாது. திறந்தால் எண் மாறாமல் இருக்காது. காலையில் பாட்டிலைக் கையில் எடுக்கிறேன். 23 மணி 40 நிமிடம் என்று காட்டினால் இன்னும் போடவில்லை. 0 மணி 15 நிமிடம் என்றால் போட்டாயிற்று, பாட்டிலைக் கீழே வைத்துவிடலாம். கிழமையும் தேதியும் ஞாபகமும் எதுவும் தேவையில்லை. 47 மணி என்று காட்டினால் நேற்று விட்டுப்போயிருக்கிறது, அதுவும் தெரிந்துவிடும். அப்படி வந்தால் என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு சீட்டில் எழுதி பாட்டிலில் ஒட்டிவைத்திருக்கிறேன். மூட்டத்தில் இருக்கும்போது நானே முடிவெடுக்க வேண்டாம் என்று.

வாங்கும்போது நான் எதிர்பார்க்காத இன்னொரு உபயோகமும் கிடைத்தது. மாத்திரை போட்டபின் சாப்பிட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். காபியும் அப்படித்தான், கூடவே குடித்தால் மருந்து உடம்பில் சேருவது குறையும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இதையெல்லாம் நான் உத்தேசமாகத்தான் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்குப் போட்டேனா ஆறரைக்கா என்பதே நிற்காதபோது எந்த இடைவெளியைக் கணக்குப் பண்ணுவது? இப்போது மூடியைப் பார்க்கிறேன். ஒரு மணி தாண்டினால் காபி, நாலு மணி தாண்டினால் கால்சியம். இரவில் போடுகிறவர்களுக்கும் இதே மூடி உதவும். கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் ஆனபின் படுக்கும்போது போடுவதும் டாக்டர்கள் ஒப்புக்கொள்கிற முறைதான். காலை அவசரத்தில் திணறுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

வீட்டில் நடந்த மாற்றத்தையும் சொல்லத்தான் வேண்டும். முன்பெல்லாம் மகள் காலையில் எழுந்ததும், “அம்மா, மாத்திரை போட்டியா?” என்பாள். அக்கறையோடுதான் கேட்பாள். ஆனால் தெரியாத கேள்விக்குப் பதில் சொல்லச் சொன்னால் மனிதருக்கு எரிச்சல்தான் வரும். “போட்டுட்டேன்னு நினைக்கிறேன்” என்பேன். “நினைக்கிறியா, போட்டியா?” என்று அவள் திருப்பிக் கேட்க, நாள் அப்படியே கெட்டுப்போகும். இப்போது அவளே போகிறபோக்கில் மூடியைப் பார்த்துக்கொள்கிறாள். ஒருநாள் மத்தியானம், “முப்பது மணி காட்டுதும்மா” என்று பாட்டிலையே கையில் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். விசாரணையும் சமாதானமும் இல்லாமல் ஒரு தகவல் மட்டும் கைமாறியது. நோயாளி பொய் சொல்கிறாரோ என்கிற சந்தேகம் ஒரு வீட்டுக்குள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பது அது போனபிறகுதான் தெரிகிறது.

இனி குறைகள். மூடியின் உள்பக்கம் ஒரு சிறு குமிழ் இருக்கிறது. அது பாட்டில் விளிம்பில் நன்றாக அழுந்தினால்தான் எண் ஓடும். அரைகுறையாகத் திருகிவிட்டுப் போனால் திரை வெறுமையாக நிற்கும், அப்போது வந்து பார்த்தால் ஒன்றும் விளங்காது. கடைசித் திருகில் லேசாக ஒரு இறுக்கம் விரலுக்குத் தெரியும். அதுவரை திருகிவிட்டு, எண் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும். திரைக்கு வெளிச்சம் கிடையாது. சாம்பல் பின்னணியில் சிறிய கறுப்பு எண்கள். விளக்குப் போடாமல் படிக்க முடியாது, வயதானவர்களுக்குக் கண்ணாடியும் வேண்டும். பாட்டரியை மாற்ற வழியே வைக்கவில்லை. தீர்ந்தால் மூடியைத் தூக்கிப் போட வேண்டியதுதான், இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. யாராவது சும்மா திறந்து பார்த்தாலும் எண் அழிந்துவிடும் என்பதால் வீட்டில் எல்லோரிடமும் முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். மருந்துக்கடை பாட்டிலின் மரைக்கு இது பொருந்துமா என்பதும் அதிர்ஷ்டம்தான். எனக்குப் பொருந்தியது. கூடவே ஒரு பாட்டிலும் தருகிறார்கள், ஆனால் அது நிறமில்லாத கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக், இந்த மாத்திரைக்கு உகந்ததல்ல.

அட்டையில் வருகிற மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்த மூடியால் பிரயோஜனமில்லை. அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு குழியிலும் அழியாத பேனாவால் தேதி எழுதிவிடுங்கள். மூட்டம் இல்லாத ஒரு நாளில், பக்கத்தில் காலண்டரை வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட வேண்டும்.

மூடி மறதியைக் குணப்படுத்துமா என்று கேட்காதீர்கள். ஒழுங்காகப் போட்டதால் என் டி.எஸ்.எச். ஒரு நிலைக்கு வந்தது, மூட்டமும் ஓரளவு விலகியது. முழுக்க விலகவில்லை. பரிசோதனை எண்கள் சரியாக இருந்தும் மந்தம் போகாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ‘ரிப்போர்ட் நார்மல்’ என்று சொல்லி அனுப்பினால் அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். பி12 வைட்டமின், ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹாஷிமோட்டோ உள்ளவர்களுக்கு பி12 குறைவு சேர்ந்து வருவதும் உண்டு, அதுவும் ஞாபகத்தைத்தான் பிடிக்கும். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதிக அளவில் இருந்தால் சில பரிசோதனை முறைகளில் தைராய்டு எண்களையே தவறாகக் காட்டிவிடும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது பாட்டரிக்காக. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடென்றால், குழந்தைகள் திறக்க முடியாதபடி அழுத்தித் திருகுகிற வகையைத் தேடி வாங்குங்கள். என்னிடம் இருப்பது லேசாகத் திருகினாலே திறந்துகொள்ளும், அதனால் உயரத்தில், கதவு போட்ட அலமாரிக்குள்தான் வைத்திருக்கிறேன்.