லிஃப்ட் பண்ணப்புறம் ஷாஃப்ட் உதறுதா: கேஸ் டிராப்பா, ஷிம்மா, டபுள் ஜாயிண்ட்டா?

சஸ்பென்ஷன உசத்தி (லிஃப்ட்) 4 வீல் வண்டிய தூக்குன உடனே அடியில உதறல் வருதுன்னா ஆளாளுக்கு சொல்றது "ஷிம் போடு, சரியாயிடும்"னுதான், அதாவது ஆக்ஸிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவுல ஒரு ஆப்பு. உங்க ஷாஃப்ட் (கியர் பக்கத்துல இருந்து ஆக்ஸிலுக்கு சுத்த கொண்டுபோற கம்பி) என்ன டைப்புன்னு கேக்காம இத சொல்றவங்க பேச்ச நம்பாதீங்க.

சாதா ஷாஃப்ட்ல முனைக்கு ஒரு க்ராஸ் ஜாயிண்ட். சாய்வா சுத்துற ஜாயிண்ட் ஒரு சுத்துக்குள்ளயே ரெண்டு தடவ வேகம் கூடி ரெண்டு தடவ குறையும், 10 டிகிரில இது ஒன்றரை சதவீதம் கிட்ட வரும். அடுத்த முனை ஜாயிண்ட்டும் அதே ஆங்கிள்ல இருந்தா கழிஞ்சு போயிடும், அதுக்குத்தான் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்ஸிலுக்கு பவர பிரிச்சு குடுக்குற பெட்டி) அவுட்புட்டும் பினியனும் (ஆக்ஸில்ல ஷாஃப்ட் மாட்டுற கியர் முனை) பேரலலா இருக்கணும்ங்கிறது, 1 டிகிரி முன்ன பின்ன இருந்தா பரவால்ல. இதுல ஷிம் மட்டும் வச்சு பினியன் மூக்க மேல தூக்குனா பின்னாடி ஆங்கிள் குறையும், முன்னாடி அப்படியே நிக்கும், கழியாது, உதறல் இன்னும் ஜாஸ்திதான் ஆகும். லிஃப்ட்ல ஆக்ஸிலே திரும்பி பேரலல் கெட்டிருந்தா மட்டும் ஷிம்முக்கு தனியா வேலை இருக்கு, காயில் ஸ்பிரிங் வண்டின்னா அதே வேலைக்கு நீளம் மாத்தக்கூடிய சஸ்பென்ஷன் ஆர்ம்.

கேஸ் டிராப்னா டிரான்ஸ்ஃபர் கேஸ தாங்குற க்ராஸ்மெம்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ஸ்பேசர் குடுத்து கேஸ இறக்குறது. சிம்பிள், ஒரு மதியத்துல முடியும். ஆனா தூக்குன கிளியரன்ஸ்ல கொஞ்சத்த திருப்பி குடுக்குறோம், 4 வீல் லீவர் சரியா விழாம போகலாம், இஞ்சின் பின்னாடி சாயறதால ஃபேன் போய் அதோட கவர்ல (ஷ்ரௌட்) உரசுதான்னும் பாக்கணும். அவுட்புட் கீழ சாயறதால இதோட ஒரு சின்ன ஷிம் சேத்தா பேரலலும் வந்துடும், ஆக இந்த ரெண்டும் எதிரியே இல்ல. ஷிம் வாங்குனா ஸ்டீல்ல வாங்குங்க, அலுமினியம் நசுங்கி வெடிச்சு யூ போல்ட் லூசாயிடும்.

எல்லாத்தையும் முடிவு பண்றது ஷாஃப்ட் நீளம். 4 அடி ஷாஃப்ட்ல 3 இஞ்ச் தூக்குனா மூணரை டிகிரி ஏறும், ஒன்றரை அடி ஷாஃப்ட்ல அதே 3 இஞ்ச் ஒன்பதரை டிகிரி! ஜீப் ராங்ளர் டிஜே மாதிரி குட்டை வண்டிக்காரங்க கடைசியில ஸ்லிப் யோக்க (கேஸ் அவுட்புட்ல முன்ன பின்ன வழுக்குற ஷாஃப்ட் முனை) எடுத்துட்டு டபுள் கார்டன் ஷாஃப்ட்டுக்கு (தலைப்புல சொன்ன டபுள் ஜாயிண்ட், கேஸ் பக்கம் ரெண்டு ஜாயிண்ட் ஒட்டி இருக்கும்) போறது இதனாலதான். செலவு இதுலதான் அதிகம், ஆனா வயிறு கீழ இறங்காது, என் ஓட்டும் இதுக்குத்தான். இங்க கணக்கு தலைகீழ், பேரலல் வேணாம், பினியன் நேரா ஷாஃப்ட்ட பாக்கணும், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது அது மேல எழும்புங்கிறதால 1, 2 டிகிரி கீழயே விடுங்க. இந்த செட்டப்புல பினியன தூக்க ஷிம் போடலாம், தாராளமா.

எதையும் வாங்குறதுக்கு முன்னாடி வண்டி டயர் மேல நிக்கும்போது ஆங்கிள் அளந்துருங்க, ஜாக்கில தொங்கவிட்டு அளந்தா தப்பு நம்பர் வரும். அப்படியே ஷாஃப்ட் ரெண்டு முனையிலயும் ஜாயிண்ட்ட பிடிக்கிற கவட்டையோட (யோக்) காதும் ஒரே நேரா இருக்கான்னும் பாருங்க, கழட்டி மாட்டும்போது ஸ்ப்லைன் ஒரு பல்லு மாறியிருந்தா மேல சொன்ன எத போட்டாலும் உதறிக்கிட்டேதான் இருக்கும்.