ஆளைச் சேர்ப்பதா, சேர்ந்தவரைத் தக்கவைப்பதா: லாட்ஜ் நிலைக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

"லாட்ஜுக்குப் போய்வருகிறேன்" என்று தமிழில் சொன்னால் கேட்பவர் முகம் ஒரு மாதிரியாகத்தான் மாறும். அறை எடுத்துத் தங்கும் லாட்ஜ் அல்ல, ஃப்ரீமேசன்கள் (கல்தச்சர் கருவிகளை அடையாளமாகக் கொண்ட ஒரு சகோதரச் சங்கத்தார்) கூடும் கிளையான லாட்ஜ் என்று விளக்கி முடிப்பதற்குள் பாதி ஆர்வம் வடிந்துவிடும். மீதிப் பாதி, "ரகசியச் சங்கமாமே?" என்ற கேள்வியில் போய் நிற்கும். ஒன்பது ஆண்டுகள் ஒரு லாட்ஜின் செயலராக இருந்த எனக்குத் தெரிந்தவரை, அங்கே கட்டிக்காக்கப்பட்ட பெரிய ரகசியம் ஒன்றுதான்: பட்டியலில் இருக்கும் பெயர்களில் எத்தனை பேர் உண்மையில் வருகிறார்கள் என்பது.

எங்கள் பட்டியலில் 61 பெயர்கள். ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் டைலரின் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். (தையல்காரர் அல்ல, உருவிய வாளோடு கதவுக்கு வெளியே காவல் நிற்கும் பொறுப்பாளருக்கு டைலர் என்று பெயர்.) 13 கையெழுத்துகள் இருந்தன. அவற்றில் இரண்டு, வேறு லாட்ஜுகளிலிருந்து வந்திருந்த விருந்தினர்களுடையவை. அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். சிலவற்றைச் செய்தே பார்த்தோம். சிலவற்றை மற்றவர்கள் செய்ய நாங்கள் வேடிக்கை பார்த்தோம்.

நோய் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1959-இல் 41 லட்சத்தைத் தொட்ட மேசன்களின் எண்ணிக்கை இன்று 10 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இதைப் பார்த்துவிட்டு, "அப்போது ஆள் சேர்த்தார்கள், இப்போது சேர்ப்பதில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கு அவ்வளவு எளிதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய தலைமுறை திரளாகச் சேர்ந்தது. அந்தத் தலைமுறை மூப்படைந்து மறைந்தபோது, அப்பா சேர்ந்த சங்கத்தில் பிள்ளை சேரவில்லை. ஆக, 1959 என்பதே வழக்கத்துக்கு மாறான ஓர் உச்சி. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு இன்றைய லாட்ஜைத் திட்டுவது நியாயமில்லை.

ஒரே நாளா, ஓராண்டா

அதிகமாகச் சண்டை நடப்பது இங்கேதான். மேசனாக முழுமை பெற மூன்று டிகிரிகள், அதாவது படிகள்: என்டர்ட் அப்ரண்டிஸ், ஃபெல்லோ கிராஃப்ட், மாஸ்டர் மேசன். ஒவ்வொன்றுக்கும் தனிச் சடங்கு உண்டு. ஆள் குறைந்த கவலையில் 1990-களில் அமெரிக்க கிராண்ட் லாட்ஜுகள் (ஒரு பகுதியின் லாட்ஜுகளை ஆளும் தலைமை அமைப்புகள்) பல ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தன: மூன்றையும் ஒரே நாளில் முடிப்பது. பெரிய அரங்கில் ஒருவர் மட்டும் மேடையில் சடங்கு முழுவதையும் நடந்து காட்டுவார். மற்றவர்கள் இருக்கையில் அமர்ந்து பார்த்து, உறுதிமொழியை மட்டும் சேர்ந்து சொல்வார்கள். ஓஹையோவில் 2002-இல் இப்படி ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் மேசன்களானார்கள். காலையில் வெளியாள், மாலையில் மாஸ்டர் மேசன்.

இதற்கு நேர் எதிரே நிற்பது நிதான வழி. ஒரு டிகிரிக்கும் அடுத்ததற்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி. கற்றதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி லாட்ஜில் வாசித்தால்தான் அடுத்த படி. உறுப்பினர் எண்ணிக்கைக்கு மேல்வரம்பு. ஸ்வீடிஷ் ரைட் என்ற வடஐரோப்பிய மரபில் படியேறுவது ஆண்டுக்கணக்கில் நீளும். அந்த மரபு மேசன்களிடம் ஒருநாள் வகுப்பைப் பற்றிப் பேசினால் கேலி செய்கிறோமோ என்று நினைப்பார்கள்.

பழைய விதி என்ன சொல்கிறது என்று தேடினால் சுவாரசியம். ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் லண்டன் கிராண்ட் லாட்ஜுக்காகத் தொகுத்து 1723-இல் அச்சான சட்டநூலின் பொது விதிகளில், எந்த லாட்ஜும் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது, சிறப்பு அனுமதி இருந்தால் தவிர, என்று இருக்கிறது. சேர விரும்புபவரைப் பற்றி ஒரு மாதம் முன்பே லாட்ஜுக்கு அறிவிக்க வேண்டும். அங்கிருக்கும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். ஏன் ஐந்து? விதி காரணம் சொல்லவில்லை. என் ஊகம் எளிது: ஒரே இரவில் ஐந்து முகங்களைத்தான் பெயரோடு நினைவில் வைத்துக்கொள்ள முடியும்.

எங்கள் லாட்ஜ் ஒரு தடவை அனுமதி வாங்கி ஒன்பது பேரை ஒரே நாளில் சேர்த்தது. அன்று எடுத்த படம் அழகாக இருந்தது; ஒன்பது வெள்ளை ஏப்ரன்கள். இரண்டு ஆண்டுகளில் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள் இரண்டு பேர். காணாமல் போன ஏழு பேரில் ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்து, ஏன் வருவதில்லை என்று கேட்டேன். அவருக்குக் கொள்கைச் சிக்கல் ஏதும் இல்லை. "எங்கே உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது, பிரதர். மூன்றாம் தடவை கேட்க வெட்கமாக இருந்தது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் உட்கார வேண்டிய வரிசையை அவருக்குக் காட்டியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

ஒருநாள் வகுப்பை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனமில்லை. வேலை நேரம் முறைமாறி வருபவர்கள், மூன்று மாலைகளை ஒதுக்க முடியாதவர்கள் அந்த வழியில் வந்து, பின்னாளில் மாஸ்டர் (லாட்ஜின் தலைவர்) நாற்காலியில் அமர்ந்து பிரமாதமாக நடத்தியதைப் பார்த்திருக்கிறேன். நிதான வழி என்ற பெயரில் வெறும் இழுத்தடிப்பு நடக்கும் லாட்ஜுகளும் உண்டு. இங்கிலாந்து முறையில் இரண்டு டிகிரிகளுக்கு இடையே குறைந்தது நான்கு வாரம் வேண்டும். அந்த நான்கு வாரத்தில் யாரும் புதியவரிடம் ஒரு சொல் பேசவில்லையென்றால், அது காத்திருப்பு மட்டுமே. பயிற்சி என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. நிதான லாட்ஜுக்கு இன்னொரு பலவீனம் ஆள் பற்றாக்குறை. மூவர் லாட்ஜை ஆள்வர், ஐவர் நடத்துவர், எழுவர் முழுமையாக்குவர் என்பது பழைய பாடம். மொத்தமே பதினைந்து பேர் உள்ள இடத்தில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், மூன்று பேருக்குப் பயணம் என்றால் எழுவரைத் தேடிப்பிடிப்பதே அன்றைய சடங்காகிவிடும்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நான் நிதானத்தின் பக்கம். ஆனால் கட்டுரை எழுதச் சொல்லும் கண்டிப்பை விட்டுவிடுவேன். அதற்குப் பதில் ஒரு சின்ன வேலை கொடுப்பேன். முதல் டிகிரியில் மூன்று கருவிகளை விளக்கும் பகுதி ஒன்று இருக்கிறது: 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி. அளவுகோலின் 24 அங்குலம் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கும். சில நிமிடங்களில் சொல்லி முடிக்கக்கூடிய பகுதி. போன வருடம் சேர்ந்தவர் இந்த வருடம் சேர்பவருக்கு அதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்தோம். முதலில் சொன்ன இளைஞர் 'உளி' வந்ததும் திணறி நின்றுவிட்டார். பின்வரிசையிலிருந்து எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியவர் முணுமுணுப்பாக அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். கூட்டம் முடிந்ததும் இருவரும் கதவோரம் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இளைஞர் அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை.

சந்தா: குறைத்தால் வருவார்களா

வரமாட்டார்கள். இதில் எனக்கு அதிகம் சந்தேகமில்லை. சந்தா ஏறினால் ஆள் போய்விடுவார் என்ற பயத்தில் பல லாட்ஜுகள் பல்லாண்டுக்கு முந்தைய தொகையையே வசூலிக்கின்றன. விளைவு, கிராண்ட் லாட்ஜுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டியது போக மிச்சம் இருப்பதில், ஒழுகும் கூரைக்கும் போதாது, ஒரு நல்ல விருந்துக்கும் போதாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வராதவருக்குக் குறைந்த சந்தாவும் வீண் செலவுதான். பாக்கி வைத்து நீக்கப்பட்டவர்களின் பட்டியலை நான் பார்த்தவரை, கையில் பணமில்லாமல் விட்டவர்கள் சிலர். வராமல் போய்ப் போய், பிறகு எதற்குக் கட்டுவது என்று விட்டவர்கள் பலர். முதல் வகையினருக்குச் சந்தாவைச் சத்தமில்லாமல் தள்ளுபடி செய்யும் வழக்கம் நல்ல லாட்ஜுகள் எல்லாவற்றிலும் உண்டு, அது வேண்டும்.

ஆயுள் சந்தாவை ஒரே தடவையில் மொத்தமாக வாங்கிவிடும் யோசனையில் மட்டும் எச்சரிக்கை தேவை. மொத்தமாக வாங்கிய தொகையைத் தனி நிதியில் போட்டு, வட்டியை மட்டும் எடுத்தால் சரி. அந்த வருடத்துப் பற்றாக்குறையை அடைக்க அதில் கை வைத்தால் முதலுக்கே மோசம். அதன் பிறகு அந்த உறுப்பினர் இருக்கும் காலம் முழுவதும் அவருக்கான தலைவரியை லாட்ஜ் தன் கையிலிருந்து கட்டிக்கொண்டே இருக்கும்.

இணைப்பா, தனித்து நிற்பதா

எங்கள் கட்டடத்திலேயே கூடும் வேறு இரண்டு லாட்ஜுகள் இணைந்தன. கடிதப் போக்குவரத்தில் நானும் உதவினேன். ஒன்றில் வழக்கமாக வருபவர்கள் 9, மற்றதில் 8. இணைந்து ஓராண்டு கழித்து வருகை 10. மீதி ஏழு பேர் எங்கே? தாங்கள் மாஸ்டராக இருந்த லாட்ஜின் பெயரும் எண்ணும் மறைந்ததோடு தங்கள் கடமையும் முடிந்தது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் எண். அந்த எண்ணின் கீழ் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்தவருக்கு அப்படியல்ல.

இணைப்பால் ஒரு நன்மை நிச்சயம்: பதவிகளுக்கு ஆள் கிடைக்கும். தனித்து நிற்கும் சின்ன லாட்ஜில் பழைய மாஸ்டர்களே மறுபடி மறுபடி அதே நாற்காலிகளில் சுற்றி வருவார்கள். நான்காம் முறை மாஸ்டராகும் ஒருவரின் முகத்தைப் பார்த்தால், பதவியேற்பா தண்டனையா என்று தெரியாது. ஆனால் இணைப்பு வாங்கித் தருவது அவகாசம் மட்டுமே. தனித்தனியாகப் பெயரை வைத்துக்கொண்டு, கட்டடத்தையும் விருந்து மேசையையும் சடங்குப் பயிற்சியையும் மட்டும் பகிர்ந்துகொள்வது இதைவிட மேல் என்று நினைக்கிறேன். லாட்ஜ் நடத்த அனுமதிக்கும் சாசனத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மூடுவதும் ஒரு வழிதான். ஐந்து பேர் மிச்சமிருக்கும்போதே கௌரவமாகச் செய்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

திரையா, தொலைபேசியா

2020 மார்ச்சில் இங்கிலாந்து உட்பட உலகின் பல பகுதிகளில் லாட்ஜுகள் கதவடைத்தன. சடங்கைத் திரை வழியாக நடத்தக் கூடாது என்பதால், சந்திப்பு மட்டும் காணொளியில் நடந்தது. நாங்களும் செய்தோம். முதல் வாரம் கலகலப்பு. மூன்றாம் வாரம் இருபது சதுரங்கள், பத்தொன்பதில் ஒலி அணைப்பு. பேசுகிறவர் வழக்கமாகப் பேசுகிறவரே.

அப்போது எங்கள் அல்மோனர் வேறொன்றைச் சொன்னார். நோயுற்றவர்களையும், மறைந்த உறுப்பினர்களின் மனைவிமார்களையும் விசாரித்துக்கொள்வது அவர் பொறுப்பு. லாட்ஜில் வெளிச்சம் படாத பதவி அதுதான். வழக்கமாக வரும் 11 பேர், வராத 50 பெயர்களை ஆளுக்கு நான்கைந்தாகப் பங்கிட்டுக்கொண்டு வாரம் ஒரு முறை தொலைபேசியில் பேச வேண்டும் என்பது அவர் யோசனை. ஒரே நிபந்தனை, சந்தா பாக்கியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. எனக்கு வந்த பெயர்களில் ஒருவர் ஆறு ஆண்டுகளாக வராதவர். முதல் வாரம் சந்தேகத்தோடு பேசினார். இரண்டாம் வாரம், "எவ்வளவு பாக்கி என்று சொல்லிவிடுங்களேன்" என்றார். சும்மாதான் கூப்பிட்டேன் என்று நம்பவைக்க நான்கு வாரம் ஆனது. அவருடைய மனைவி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. செயலரான எனக்கு அது தெரியாது. அவருக்கான கடிதங்கள் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன.

கதவு மீண்டும் திறந்த இரவில் 19 பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் அவரும் ஒருவர். சடங்கில் பாதியை மறந்திருந்தார், விருந்து மேசையில் யாரையும் மறந்திருக்கவில்லை. இதில் வியக்க ஒன்றுமில்லை. மரபுக் கணக்குப்படி 1717-இல் லண்டனில் ஒன்றுகூடி முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்த நான்கு லாட்ஜுகளும் தாம் கூடிய மதுக்கடைகளின் பெயராலேயே அறியப்பட்டவை. மேசையும் சடங்கும் சேர்ந்தே பிறந்தவை. சடங்கை முடித்துவிட்டுப் பாதிப் பேர் காரை நோக்கி ஓடும் லாட்ஜில், எந்தத் திட்டம் போட்டாலும் மறுவருடம் அதே 13 கையெழுத்துதான்.

இப்போது நான் செயலர் இல்லை. புதிய செயலர் போன வாரம் கூப்பிட்டார். இரண்டு விண்ணப்பங்கள் வந்திருக்கின்றனவாம். ஒன்றை அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வைக்கிறார்கள். இன்னொன்றை ஒரு மாதம் தள்ளியிருக்கிறார்கள். அந்த மனிதரோடு லாட்ஜில் யாரும் இன்னும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.