மாடிப் பையா, கொல்லைப் பாத்தியா: மதுரை வெயிலுக்கு எது தாங்கும்?

மதுரையில் முதன்முறையாக வீட்டுத் தோட்டம் போட நினைப்பவர்களுக்கு முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகளே இருக்கின்றன. ஒன்று, மொட்டை மாடியில் குரோ பேக் (செடி வளர்க்கும் பை) வரிசை. மற்றொன்று, வீட்டுக்குப் பின்னால் மிஞ்சிக் கிடக்கும் நிலத்தைக் கொத்திப் பாத்தி எடுப்பது. நாகமலை புதுக்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டுக்குமே இடம் இருந்தது. நாங்கள் பாத்தியைத் தேர்ந்தோம்; கீரைக்கும் புதினாவுக்கும் மட்டும் மாடியில் சில பைகள் வைத்திருக்கிறோம். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

பலரும் முதலில் கேட்கும் கேள்விகளை விரைவாகக் கடந்துவிடலாம். நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழும் இடமானால், பையிலும் காய்க்கும், பாத்தியிலும் காய்க்கும். வெள்ளை ஈயும் மாவுப்பூச்சியும் மாடிப்படி ஏறத் தயங்குவதில்லை. வேப்பெண்ணெய்க் கரைசலை இரண்டு இடத்திலும் தெளித்தே ஆக வேண்டும். தொடக்கச் செலவு பைக்குத்தான் அதிகம், ஏனெனில் பை, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் என்று எல்லாவற்றையும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் காசு மிச்சம் என்ற கணக்கில் யாரும் இதில் இறங்க வேண்டாம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999இல் தொடங்கப்பட்ட ஊர் இது. தக்காளி மலிந்து கிடக்கும் மாதங்களில் சந்தை விலையோடு நம் வீட்டுத் தக்காளி போட்டி போட முடியாது.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பங்குனி முதல் வைகாசி வரை தண்ணீர் ஊற்றப் போவது யார், ஒருநாள் ஊற்றாவிட்டால் என்ன ஆகும்?

பன்னிரண்டு அங்குல விட்டமும் அதே உயரமும் கொண்ட பையில் விளிம்பு வரை நிரப்பினாலும் சுமார் 22 லிட்டர் கலவைதான் கொள்ளும். வளர்ந்த கத்தரிச் செடியின் வேருக்கு உலகமே அவ்வளவுதான். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் மேலே சூரியனும் கீழே மாடித் தரையும் பக்கவாட்டில் கைப்பிடிச் சுவரும் சேர்ந்து அந்தப் பையைக் காய்ச்சுகின்றன. பைக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் இருபது பைகளுக்கு 40 லிட்டர் ஆகிறது. அதையும் காலை, மாலை என்று பிரித்து ஊற்ற வேண்டும். மாடியிலேயே தொட்டி இருக்கிறதே, குழாயைத் திறந்தால் போதுமே என்று தோன்றும். மதியத்துக்கு மேல் அந்தத் தொட்டித் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பாத்தியிலும் தண்ணீர் ஆவியாகத்தான் செய்கிறது. ஆனால் நிலத்துக்கு ஆழம் உண்டு. ஏப்ரல் மாதப் பிற்பகல் ஒன்றில் வெண்டைப் பாத்தியின் மேல் கிடந்த வைக்கோல் மூடாக்கை விலக்கி விரலை விட்டுப் பார்த்தபோது, மேல்மண் சூடாகவும் உதிரியாகவும் இருந்தாலும், இரண்டு அங்குலத்துக்குக் கீழே பிடித்தால் உருண்டை சேரும் அளவுக்கு ஈரம் இருந்தது. முந்தைய நாள் காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தோம். அன்று காலையிலேயே தண்ணீர் கண்ட மாடிப் பையில், நார்க்கழிவு காய்ந்து சுருங்கிப் பையின் சுவரை விட்டு விலகி, சுற்றிலும் விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் அந்த இடைவெளி வழியாக இறங்கி அடித்துளையில் ஒழுகிவிட்டது. நடுவேர் நனையவே இல்லை. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்ட நார்க்கழிவு எளிதில் தண்ணீரை ஏற்காது. அடியில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு, செடி குடித்துவிட்டது என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வது இயல்புதான். பையை ஒரு தண்ணீர்ப் பேசினில் அரைமணி நேரம் உட்கார வைத்தால் மட்டுமே உள்ளே ஈரம் ஏறும்.

இதோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. மதுரைப் புறநகரில் பல வீடுகளில் புழங்குவது போர் தண்ணீர், பெரும்பாலும் கடினநீர். பையில் தண்ணீர் ஆவியாக ஆக உப்பு அங்கேயே தங்கி, விளிம்பில் வெள்ளையாகப் பூத்து, இலை நுனிகளைக் கருக்குகிறது. அவ்வப்போது அடித்துளையில் தாராளமாக ஓடும் அளவுக்கு ஊற்றி அந்த உப்பைக் கழுவிவிட வேண்டும், அதாவது தண்ணீர் தட்டுப்பாடான காலத்தில் இன்னும் அதிகத் தண்ணீர். பாத்தியில் அந்த வேலையை ஐப்பசி மழையே செய்துவிடுகிறது.

வெளியூர்ப் பயணத்தையும் யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் சித்திரைத் திருவிழாவும் கல்யாண முகூர்த்தங்களும் பிள்ளைகளின் விடுமுறையும் கடும் வெயிலில்தான் வரிசையாக வருகின்றன. குலதெய்வம் கோயிலுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தால், மூடாக்குப் போட்ட பாத்தி சற்றே வாடி நிற்கும். அன்று மாலை பாய்ச்சினால் மறுநாள் நிமிர்ந்துவிடும். பைச் செடிக்கு அந்தச் சலுகை கிடையாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம்தான், ஆனால் வருடா வருடம் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும். பைகளுக்குச் சொட்டுநீர்க் குழாயும் நேரம் வைத்துத் திறக்கும் கருவியும் பொருத்தினால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும் என்கிறார்கள். நான் அதை உறவினர் வீட்டில் பார்த்ததோடு சரி. போர் தண்ணீர் உப்பில் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும் என்பதை மட்டும் அங்கே கண்டேன்.

பைக்கு நியாயமான இடங்களும் இருக்கின்றன. வாடகை வீட்டுக்காரர்களுக்கு, காலி செய்யும்போது எடுத்துச் செல்லலாம் என்பது ஒன்றே போதுமான காரணம். கண்மாய்க் கரையை ஒட்டிய தாழ்வான மனைகளில் ஐப்பசியில் தண்ணீர் நிற்கும். அங்கே நிலத்தில் மிளகாய் வைத்தால் வேர் அழுகிவிடும், பையோ வடிந்துவிடும். சில மனைகளில் ஒரு அடி தோண்டினால் உடைந்த செங்கல்லும் சிமெண்ட் கட்டியும்தான் வரும். எனவே முடிவெடுக்கும் முன் மண்வெட்டியால் ஒரு குழி வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது. சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு மாதிரி கொடுக்கலாம். பை வைப்பவர்கள் முழுக்கச் செம்மண்ணை நிரப்ப வேண்டாம். அப்படி நிரப்பிய பை, ஈரத்தோடு 30 கிலோவைத் தாண்டும். செம்மண், நார்க்கழிவு, மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் பாரமும் குறையும், நீரும் வடியும்.

பாத்தியில் வேலை இல்லை என்று நான் சொல்லவில்லை. களை எடுக்க வேண்டும், பெருச்சாளி பறிக்கும், பக்கத்து வேப்பமரத்தின் வேர் உரத்தைத் தேடி வரும். ஒரே இடத்தில் தக்காளியையும் கத்தரியையும் மாற்றி மாற்றி வைத்தால் வேர்முடிச்சு நூற்புழு பெருகும். இடையில் ஒரு போகம் செண்டுமல்லி வைப்பது அதைக் கட்டுப்படுத்த உதவும். ஆனால் இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளக்கூடிய வேலைகள், தண்ணீர் அப்படியன்று.

பத்தடிக்கு நாலடி அளவில் ஒரு மேட்டுப்பாத்தி முதல் வருடத்துக்குப் போதும். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வீட்டுப் பாத்திக்கும் பொருந்தும். ஆடியில் வெண்டையும் கொத்தவரையும் நேரடியாக விதைத்து, கத்தரி, மிளகாய்க்கு நாற்று வாங்கி நட்டால், செடி வேர் பிடித்து நிற்கும் நேரத்தில் மழை வந்து சேரும். வெண்டை சுமார் 45 நாட்களில் காய்க்கத் தொடங்கும் என்பதால் புதியவர்களுக்கு அதுவே ஏற்றது. தக்காளியைக் கோடையில் முயல வேண்டாம். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் சூடு தணியாதபோது, பூத்த பூ கொட்டிவிடும், பையானாலும் பாத்தியானாலும். புடலையையும் பீர்க்கையையும் நான் பையில் வளர்த்ததில்லை, ஆகவே பந்தல் காய்களைப் பொறுத்தவரை என் சாய்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கீரை மட்டும் கீழே சரிப்படவில்லை: விதைத்த மறுநாளே பக்கத்து வீட்டுக் கோழிகள் கிளறிவிடுகின்றன. அதனால்தான் அது இன்னும் எங்கள் மாடியில் இருக்கிறது.